ராஜாளிக்குச் சுதந்திரப் பயிற்சி

இதை எழுத உட்காரும் முன் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கை இன்னும் எரிகிறது. எழுத்து அங்கங்கே கோணியிருந்தால் அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கீழே வருவதில் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் கருப்பராயன் என்னைக் கேட்கட்டும். அவர் எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டில்தான் இருக்கிறார். கேட்பதற்கு அதிக தூரம் வர வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, மாசி மாதம். எங்கள் ஊர் வடகரப்பதிப் பஞ்சாயத்தின் கிழக்கு ஓரம். கொஞ்சம் பலமாகத் தும்மினால் கோயமுத்தூர் ஜில்லாவில் கேட்கும். அரசாங்கம் கேரளம். பேச்சு, பெண் கொடுக்கல் வாங்கல், பங்காளிச் சண்டை எல்லாம் தமிழ்.

முதலில் வந்தது பலகை. ஊர்க்கோடியில் காலியாகக் கிடந்த கடலைக் குடோனின் முன்னால் அதை நட்டார்கள். 'அருகிய பறவைகள் மறுகுடியேற்ற அலுவலகம். பறவைக்குத் தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதியிருந்தது. பறவை எங்கே என்று கேட்டோம். வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை நாங்கள் பலகைக்குத் தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டு போனோம்.

பலகைக்குப் பின்னால் ஸ்பெஷல் ஆபீசர் மாதவன்குட்டி வந்தார். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, கருப்புக் குடை. அவருடைய தமிழ் மலையாளத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்கும். ஆனால் அவர் சொல்ல வந்தது எங்களுக்கு ஒருபோதும் புரியாமல் போனதில்லை. அதுதான் சங்கடம்.

வந்த வாரமே பள்ளிக்கூட மைதானத்தில் ஊரைக் கூட்டிப் பேசினார்.

"பிரியப்பட்ட நாட்டுகாரே, இந்த மலைச்சரிவிலே ராஜாளி உண்டோ என்று ஞங்கள் ரெண்டு வருஷம் அன்வேஷணம் நடத்தினோம். ஒருத்தரும் கண்டதில்லை. பழைய ஆளுகள்கிட்டே கேட்டோம். அவர்களும் கண்டதில்லை. அவர்களுடைய தாத்தாமாரும் கண்டதில்லை. அது எத்தனை மோசமாக அழிஞ்சுபோச்சு என்பதுக்கு இதிலும் பெரிய தெளிவு வேண்டுமோ?"

வேண்டாம் என்று தலையாட்டினோம்.

கூட்டத்தில் பழனிச்சாமி எழுந்தான். லாரி டிரைவர். முந்தின கார்த்திகையில் வாளையாரிலிருந்து சிமெண்டு ஏற்றி வரும்போது வளைவில் லாரி கவிழ்ந்து, கால் முறிந்து, கட்டுப் பிரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"ஏனுங்க, அது பருந்துங்களா?"

"பருந்தல்ல. ராஜாளி. பருந்தினும் வலியது."

"பருந்து கோழிக்குஞ்சத் தூக்குமுங்க."

"அதே."

"அப்ப இது கோழியவே தூக்குமுங்களா?"

"மிடுக்கன்," என்று மாதவன்குட்டி சந்தோஷப்பட்டார். "பாருங்கள், இப்போதே நாட்டுகாருக்கு விஷயத்தில் ஆர்வம் வந்துவிட்டது."

இந்த இடத்தில் பழனிச்சாமியின் மனைவி நாச்சம்மாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கதை அவளுடையது. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உயிரோடு வீடு திரும்பினால் ஒரு செவலைச் சேவல் தருகிறேன் என்று கருப்பராயனுக்கு நேர்ந்துகொண்டவள். அவன் திரும்பிவிட்டான். சேவலும் கொண்டையும் தோகையுமாக வளர்ந்துவிட்டது. சித்திரையில் பொங்கல் சாட்டும்போது அதைக் கொடுப்பதாக ஏற்பாடு. நேர்த்திக்கடன் தீராமல் லாரிப் படியில் கால் வைக்கக் கூடாது என்று புருஷனுக்கு உத்தரவு போட்டிருந்தாள். சித்திரைக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று லாரிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். ஆக அந்த வீட்டின் சோறு அப்போது அந்தச் சேவலின் கொண்டைமேல் உட்கார்ந்திருந்தது.

கூட்டத்தில் நாச்சம்மாளும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"பருந்து வந்தா சத்தம் போட்டு முடுக்குவமுங்க. இனி என்னங்க பண்றது?"

"பருந்தானால் விரட்டலாம். ராஜாளியானால் குற்றம். அதைப் பார்த்து ஒச்சை வைப்பதும் குற்றம்."

"மேல பறக்கறப்ப ரெண்டும் ஒரே கருப்பாத்தானுங்க தெரியும்."

"அதுக்குத்தான் ஞங்கள் படம் தருகிறோம்."

வீட்டுக்கு ஒரு படம் கொடுத்தார்கள். பறவை வந்தால் படத்தை வானத்துக்கு நேரே பிடிக்க வேண்டும்; இறக்கையின் அடிப்பக்கத்தை ஒப்பிட வேண்டும்; பிறகு வாலை ஒப்பிட வேண்டும்; பருந்துதான் என்று தீர்மானமான பின் மிதமாகக் கைதட்டலாம். நாச்சம்மாள் முதல் தடவை ஒப்பிட்டு முடித்தபோது அது இரண்டாவது குஞ்சுக்காகத் திரும்பி வந்திருந்தது. அப்போது பக்கத்தில் நன்றாகத் தெரிந்தது. பருந்துதான்.

பங்குனியில் ராஜாளி வந்து சேர்ந்தது. இடுக்கித் தேயிலை மலையிலிருந்து உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாக ஜீப்பில் வந்தது. கேரளத்தை விட்டு வெளியே போய் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டிய பாதை. எல்லைச் சாவடியில் நிறுத்தினார்கள். ஆடு உண்டு, மாடு உண்டு, கோழி, வாத்து உண்டு. ராஜாளி பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைத் தடுக்கவும் விதி கிடையாது, விடவும் விதி கிடையாது. மத்தியானம்வரை யோசித்தார்கள். பறவை இருந்த பெட்டி எஸ்டேட் பெட்டி. மேலே 'தேயிலை' என்று எழுதியிருந்தது. ஆகவே தேயிலையாக உள்ளே விட்டார்கள். பலகை இடுக்கில் ஒரு கண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று ஒரு சீட்டை ஒட்டி அந்தப் பிரச்சினையையும் தீர்த்தார்கள்.

பெட்டியோடு சுவக்கீன் என்று ஒருவர் இறங்கினார். எஸ்டேட் தொழிலாளி. வேதக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பன் காலத்திலேயே மலையேறிய குடும்பம். புயலில் தேயிலைக் காட்டுக்குள் மரம் விழுந்து, கூட்டிலிருந்து சிதறிக் கிடந்த குஞ்சை எடுத்துப்போய், தானும் மனைவி அன்னமேரியும் லைன் வீட்டில் வைத்துச் சோறும் கருவாடும் ஊட்டி வளர்த்திருந்தார்கள். லில்லி என்று பேர். அலுவலகத்தில் அதற்கு 'மாதிரி எண் ஒன்று' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரில் கூப்பிட்டால் அது திரும்பாது.

பெட்டியைத் திறந்தார்கள். லில்லி வெளியே வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, நடந்தது. கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவர்போல நேரே நடந்து நாச்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"பறக்காதா?" என்று மாதவன்குட்டி கேட்டார்.

"பறக்காது தொரெ," என்றார் சுவக்கீன். "லைன்ல வளந்த புள்ள. எந்த வீட்டுல கொழம்பு வச்சாலும் நடந்தே போயிரும். பறக்க என்ன அவசியம் வந்துச்சு?"

மாதவன்குட்டி ஜீப்பின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இது வன்யமான பறவை. ஆனால் இதுக்குச் சுதந்திரம் என்றால் என்ன என்று தெரியாது. அதனால் முதலில் கூட்டில் அடைச்சு, சுதந்திரம் படிப்பிக்க வேண்டும்."

குடோனுக்குள் கம்பிக் கூண்டு கட்டினார்கள். காலை பத்து மணி முதல் ஐந்து மணி வரை சுதந்திரப் பயிற்சி. நடுவில் சாப்பாட்டுக்கு இடைவேளை. இரண்டாவது சனிக்கிழமையும் பொது விடுமுறை நாட்களும் சுதந்திரம் கிடையாது. பறப்பது எப்படி என்று காட்ட வேறு பறவை இல்லாததால் மாதவன்குட்டியே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தேயிலைப் பெட்டிமேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் விரித்து மெல்ல மேலும் கீழும் அசைத்துக் குதிப்பார். லில்லி கண் இமைக்காமல் பார்க்கும். அவர் குதித்து முடித்ததும் நடந்து வந்து அவருடைய செருப்பு வாரைக் கடித்துப் பார்க்கும். 'மாதிரி எண் ஒன்று பயிற்சியாளருடன் ஒத்துழைக்கிறது' என்று மேலே எழுதிப் போட்டார்கள்.

"நா எப்ப ஊருக்குப் போறது தொரெ?" என்று சுவக்கீன் தினமும் கேட்பார்.

"பறவை பறந்ததும்."

"பறந்ததும்னா?"

"எடோ, பறந்ததும்."

சுவக்கீன் கூண்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து லில்லியைப் பார்ப்பார். அது அவர் மடியில் கருவாடு இருக்கிறதா என்று பார்க்கும்.

அடுத்தது இரை. ராஜாளி உயிருள்ள இரையைத்தான் தின்ன வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் முடிவாகியிருந்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தினம் ஒரு கோழி கொடுக்க வேண்டும். "இது வசூல் அல்ல, வரி அல்ல," என்று மாதவன்குட்டி விளக்கினார். "இது மக்கள் பங்காளித்தம். தராதவர்மேல் மட்டும்தான் நடவடிக்கை."

முதல் வீட்டு வெடைக்கோழியைக் கூண்டுக்குள் விட்டார்கள். அது லில்லியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கொத்துக் கொத்தியது. லில்லி ஓடிவந்து கம்பி வழியே தலையை நீட்டிச் சுவக்கீனின் கைலிக்குள் ஒளித்துக்கொண்டது. மறுநாள் இன்னொரு கோழி. அதற்கு மறுநாள் இன்னொன்று. வாரக் கடைசியில் கூண்டு கோழிகளுக்குச் சொந்தமாகியிருந்தது. லில்லி மூலையில் ஒற்றைக்காலில் நின்றது. கோழிகள் முட்டையிட்டன. ஒன்று அடைக்கும் உட்கார்ந்தது.

கேட்டால் மாதவன்குட்டி, "இரை ஒழுங்காகத் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்பார். அதிலும் பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து கோழிகள் தீர்ந்தன. விடுமுறை நாளில் ராஜாளிக்குப் பசி அதிகம் என்று பியூன் சொன்னான். திங்கட்கிழமை குடோனுக்குப் பின்னால் கிடந்த எலும்புகளை நானே போய்ப் பார்த்தேன். மஞ்சளும் மிளகும் தேங்காயும் ஒட்டியிருந்தன. இடுக்கி ராஜாளிகள் அப்படித்தான் சாப்பிடும்போலிருக்கிறது.

நாச்சம்மாளின் முறை பல தடவை வந்தது. கடைசியில் மாதவன்குட்டியே குடையோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"நாச்சம்மா, இன்று உங்கள் முறை."

"இருந்த வெடையெல்லாம் குடுத்தாச்சுங்க. குஞ்சுக எல்லாம், உங்க படத்தப் புடிச்சுப் பாத்துட்டிருக்கறப்பவே போயிருச்சுங்க."

"அப்போள் அந்தச் சேவல்?"

"அது என்றது இல்லீங்க. கருப்பராயனுது."

மாதவன்குட்டி சுற்றும் பார்த்தார். "கருப்பராயனோ? ஏது வீடு?"

"வாய்க்கா மேட்டுல இருக்கறாருங்க."

"அவருடைய முறை இதுவரை வந்திட்டில்லையே. அங்கே எத்தனை கோழி?"

கட்டிலில் கிடந்த பழனிச்சாமி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கருப்பராயன் யார் என்று நாச்சம்மாள் நிதானமாகச் சொன்னாள். மாதவன்குட்டி குடையை மடக்கினார். முகம் கவலையாகிவிட்டது.

"அம்மா, சாமிக்குக் கோழி அறுப்பது கேரளத்தில் சட்டவிரோதம். அறுத்தால் கேஸ். நான் கண்டதாகவே காட்டிக்கொள்ளாமல் இருக்கிறேன். இங்கே தந்தால் தேச சேவை."

"சாவறது சேவலுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே," என்றான் பழனிச்சாமி.

"அல்ல. கோவிலில் செத்தால் அது கொலை. இங்கே செத்தால் அது பாதுகாப்பு."

அவர் போன பிறகு பழனிச்சாமி சொன்னான்: "குடுத்துத் தொலை புள்ள. சாமிக்கு வேற சேவ வாங்கிக்கலாம். நா வண்டி ஏறோணும்."

"ஏறுங்க மாமா, ஆரு வேண்டாங்கறா. சாமிக்குச் சொன்னதப் பருந்துக்குப் போட்டுட்டு அதே வளைவுல போங்க. அவருகிட்ட நீங்களே கணக்குச் சொல்லிக்குங்க."

பழனிச்சாமி கம்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

அதற்குள் திருவனந்தபுரத்திலிருந்து பெரிய ஆபீசர் வருவதாகச் செய்தி வந்தது. சித்திரை முதல் வெள்ளிக்கிழமை. பயிற்சியின் முன்னேற்றத்தை நேரில் பார்ப்பார். அவர் முன்னால் ராஜாளி ஒரு இரையைப் பிடித்துக் காட்ட வேண்டும். கூண்டிலிருந்த கோழிகள் லில்லியோடு ஒரே குடும்பமாகிவிட்டதால் புது ஆள் தேவைப்பட்டது. ஊரில் மிச்சமிருந்தது செவலைச் சேவல் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை சேவல் வராவிட்டால் போலீஸ் வரும் என்று மாதவன்குட்டி தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சம்மாள் பூசாரி சோலையிடம் போனாள். சோலை வெற்றிலையை மென்று முடிக்கும்வரை அவள் பேசினாள். அவர் துப்பிவிட்டு வழி சொன்னார்.

"இதுல ரோசனை பண்றதுக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. சாமியத்தான் கேக்கோணும். துலுக்குக் கேப்போம்."

துலுக்கு என்றால் எங்கள் பக்கம் தெரியாதவர் கிடையாது. தெரியாத ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கிடாயோ கோழியோ சாமிக்குக் கொடுப்பதற்கு முன் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால் சாமி ஏற்றுக்கொண்டார். உதறாவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. விடிய விடிய நின்றாலும் நிற்க வேண்டியதுதான்.

"ஆபீசர் முன்னாலயே கேப்போம்," என்றார் சோலை. "சேவ துலுக்குச்சுன்னா சாமி பருந்துக்குக் குடுக்கச் சொல்லிட்டாருன்னு அர்த்தம். கடனும் தீந்துது. துலுக்கலேன்னா போலீசு வந்தாலும் தொட முடியாது."

மாதவன்குட்டி இதற்குச் சம்மதித்தார். "ஒரு சின்ன நாடன் சடங்கு. பெரிய சாருக்கு இதெல்லாம் ரொம்ப இஷ்டம்," என்றார்.

வெள்ளிக்கிழமை குடோன் முன்னால் பந்தல். பெரிய ஆபீசர் மாலையோடு மேடையில் நின்று மலையாளத்தில் பேசினார். நான் தமிழில் தருகிறேன். ஒரு எழுத்துக் கூட்டவில்லை.

"பதினோரு வருஷமாக நான் பறவைகளுக்காக உழைத்து வருகிறேன். ஒரு பறவையைப் பக்கத்தில் பார்ப்பது இன்றுதான். இதுவரை நாலு ஜில்லாக்களில் பலகைகள் நட்டிருக்கிறோம். ஒரு பலகைகூட அழியவில்லை. சிலர் கேட்கிறார்கள், பறவை எங்கே என்று. பறவை வரும், போகும். அலுவலகம் நிலையாக இருந்தால்தான் பறவைக்கு ஒரு தைரியம் இருக்கும். வேறு சிலர், மலையில் சுகமாக இருந்த பறவையை ஏன் கீழே கொண்டு வந்தீர்கள் என்கிறார்கள். அங்கேயே இருந்திருந்தால் அதைக் காப்பாற்ற நமக்கு வாய்ப்பு எப்படிக் கிடைத்திருக்கும்?"

கைதட்டினோம். மிதமாக.

லில்லி சுவக்கீனின் தோளில் உட்கார்ந்திருந்தது. விசேஷம் என்பதால் காலில் ஒரு ரிப்பன். நாச்சம்மாள் சேவலைக் கொண்டுவந்து தரையில் நிறுத்தினாள். கையை எடுத்த பிறகும் குனிந்தே இருந்தாள். சோலை செம்பிலிருந்து வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

சேவல் நின்றது. பந்தலைப் பார்த்தது. பெரிய ஆபீசரின் மாலையைப் பார்த்தது. உதறவில்லை.

மறுபடி தெளித்தார். சேவல் ஒரு காலால் காதைச் சொறிந்துகொண்டது.

"இது துலுக்கல்ல," என்று சோலை சொன்னார். "காத்திருப்போம்."

காத்திருந்தோம். வெயில் ஏறியது. பெரிய ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குக் கோயமுத்தூரில் ரயில். சேவல் சாவகாசமாகத் தரையைக் கிளறியது. மாதவன்குட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் சோலையின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீர் முழுவதையும் சேவலைப் பார்த்து வீசினார்.

சேவல் குனிந்துகொண்டது. தண்ணீர் அத்தனையும் அதற்குப் பின்னால் குந்தியிருந்த சுவக்கீனின் தோளில் விழுந்தது.

லில்லி கண்ணை மூடித் திறந்தது. கழுத்து இறகை எழுப்பியது. பிறகு தலை, முதுகு, இறக்கை, வால் என்று ஒன்றுவிடாமல் சிலிர்த்து, முதல் வரிசையில் இருந்தவர்கள்மேல் மஞ்சள் தெறிக்க ஒரு உதறு உதறியது. அத்தனை சுத்தமான துலுக்கை எங்கள் ஊரில் எந்தக் கிடாயும் கொடுத்ததில்லை.

பெண்கள் குலவை போட்டார்கள். பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

சோலை கைகளைக் கூப்பினார். "உத்தரவு ஆயிருச்சு. சாமிக்கு இதுதான் வேணுமாமா."

பெரிய ஆபீசர் மாதவன்குட்டியின் பக்கம் சாய்ந்தார். "என்ன சொல்கிறார்கள்?"

"பறவையை இவர்களுடைய தெய்வம் எடுத்துக்கொண்டது சார்."

"எடுத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டோ? அவருக்கு மேலே யார்?"

மாதவன்குட்டி அதைத் தமிழில் கேட்டார். "அவருக்கு மேல ஆருமில்லீங்க," என்றார் சோலை. "எதுன்னாலும் நேரா அவருதான்."

பெரிய ஆபீசர் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில், தனக்கு மேலே யாருமில்லாத ஓர் அதிகாரியை அவர் சந்தித்ததே கிடையாது.

"அறுக்கப் போறீங்களா?" என்றார் சுவக்கீன். இரண்டு கைகளாலும் லில்லியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அறுக்கலாம். இல்லாட்டி கோயல் காளையாட்ட அவுத்து உட்டர்லாம்," என்றார் சோலை. "உட்டதுக்கப்புறம் ஆரும் கூண்டுல வெக்கப்படாது, கட்டப்படாது, முடுக்கப்படாது."

"விட முடியாது," என்றார் மாதவன்குட்டி. அழுதுவிடுவார்போல இருந்தது. "சுதந்திரப் பயிற்சி பூர்த்தியாகவில்லை. இன்னும் ஒன்பது மாதம் பாக்கி உண்டு."

பெரிய ஆபீசர் வாய்க்கால் மேட்டைப் பார்த்தார். அரிவாளோடு கருப்பராயன் தெரிந்தார். "விட்டுவிடு," என்றார்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள், நாச்சம்மாளைத் தவிர.

"அப்ப என்ற நேத்திக்கடனுங்க?"

"தீந்துது போ," என்றார் சோலை. "சேவலுக்குப் பதிலா இத எடுத்துட்டாரு."

"அதெப்படித் தீருமுங்க? பருந்து என்றதில்லையே. ஊரான் வளத்தத சாமிக்குக் குடுத்துப்போட்டு என்ற புருசன வண்டி ஏத்தறதா?"

நாச்சம்மாள் சுவக்கீனைப் பார்த்தாள். அவர் லில்லியின் காலிலிருந்த ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நா தாரேன் அக்கா. உங்களுதுன்னு வச்சுக்கிடுங்க," என்றார். "அறுக்காம இருந்தா போதும். அன்னமேரி கேட்டா, நல்ல எடத்துல குடுத்தேன்னு சொல்லிக்கிடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு சொல்லிறணும் பூசாரியய்யா. எங்க சாமியார், அந்தோனியார் திருநாள்ல, இதுமேல தீர்த்தம் தெளிச்சாரு. அன்னைக்கும் இப்படித்தான் ஒதறுச்சு."

"அப்ப உங்க பக்கத்துலயும் சம்மதம்," என்றார் சோலை. "எழுத்துமூலமா எதும் வேண்டியதில்ல."

லில்லியைக் கீழே விட்டார்கள். செவலைச் சேவல் நாச்சம்மாளின் பின்னால் வீட்டுக்குக் கிளம்பியது. சேவலின் பின்னால் லில்லி நடந்தது. மூன்று பேரும் வரிசையாகத் தெருவில் போனதைப் பெரிய ஆபீசர் எழுந்து நின்று பார்த்தார். 'பறவை விடுவிக்கப்பட்டது. பார்வையிலிருந்து மறைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாச்சம்மாள் வீடு முக்குத் திரும்பியதும் இருப்பதால் அதுவும் உண்மைதான்.

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. பழனிச்சாமி படியில் கால் வைத்தான். நாச்சம்மாள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். சுவக்கீன் மூட்டையோடு முன்னால் ஏறிக்கொண்டார். வாளையாரில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடித்து ஊர் போவதாக ஏற்பாடு. அவர் ஏறியதைப் பார்த்ததும் லில்லி நடந்து வந்து, படியில் தொத்தி, கதவில் தொத்தி, லாரியின் தலைமேல் போய் உட்கார்ந்தது. இறக்கிவிட ஒருவருக்கும் தைரியம் இல்லை. அது சாமியுடையது.

காலி லாரி. வாளையார்ச் சாலையில் வேகம் பிடித்தது. அந்தக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியும்; அடித்தால் தென்னையே படுத்து எழும். முன்னால் லோடு லாரி ஒன்றை முந்தும்போது மேலே நகங்கள் தகரத்தைக் கீறும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. பழனிச்சாமி பிரேக் போட்டான்.

லில்லி சாலைக்கு மேலே இருந்தது. இறக்கையை விரித்திருந்தது, அவ்வளவுதான், அடிக்கக்கூட இல்லை. காற்று அதைத் தூக்கிக்கொண்டே போனது. தடுமாறியது, சாய்ந்தது, ஒரு புளியமரத்தில் மோதப் பார்த்தது. அப்புறம் ஏதோ பிடிபட்டதுபோல ஒரு வட்டம் போட்டது. வட்டம் பெரிதானது.

சுவக்கீன் கீழே குதித்து, மடியிலிருந்த கருவாட்டை எடுத்துத் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு சாலை நடுவில் நின்றார். பின்னால் லாரிகள் ஆரன் அடித்தன. அவர் நகரவில்லை. அது புள்ளியாகும்வரை நின்றார்.

"ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலையே," என்றார். "சோறு போட்ட கைய."

"பாத்திருக்குமுங்க," என்றான் பழனிச்சாமி. "அத்தன ஒசரத்துல இருந்து பாத்தா நமக்கெங்கீங்க தெரியப்போகுது."

சுவக்கீன் கருவாட்டைச் சாலையோரக் கல்லின்மேல் வைத்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார். லாரி கிளம்பியது. அதற்குப் பிறகு பழனிச்சாமி பத்தொன்பது வருஷம் அதே வளைவில் வண்டி ஓட்டினான். ஒரு கீறல் விழவில்லை.

அலுவலகத்துக்குப் பாராட்டு வந்தது. திட்டம் தொடங்கும்போது எங்கள் பகுதியில் ராஜாளி ஒன்றுமில்லை, முடியும்போதும் ஒன்றுமில்லை, ஆகவே நிலைமை மோசமாகாமல் காக்கப்பட்டது என்று. மாதவன்குட்டிக்குப் பதவி உயர்வு கிடைத்து மீன்களுக்கு மாற்றினார்கள். நீந்தத் தெரியாத மனிதர். போகும்போது எங்களிடம் அதைத்தான் சொல்லி வருத்தப்பட்டார். குடோன் கோழிகளை அவரவர் வீட்டுக்கு ஓட்டிப் போனோம். செவலைச் சேவல் நாச்சம்மாள் வீட்டுக் கூரைமேல் ஏறிக் கூவிக் கூவி, வயசாகி, தன் சாவு செத்தது.

சூடம் அடித்த கை, இதையும் மறைக்கக் கூடாது: பலகை நட்ட மாசிக்கு முந்தின தை மாதம் வந்த வெள்ளைக் கழிச்சலில் வடகரப்பதிப் பஞ்சாயத்து முழுவதும் கோழிகள் செத்துப்போய், ஆடி பிறக்கும்வரை எங்கள் ஊரில் ஒரு கோழியோ சேவலோ கிடையாது.